வெண்ணெய் இல்லாத வெண்ணெய் – ஒரு சின்ன வரலாறு

மாற்றலாகி வடோதரா வந்து மூன்று வருடம் ஆகிறது. 1946-ல் கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு ஆரம்பித்த ஆனந்த் நகரம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நாட்டுக்கே வெண்ணெய் அனுப்பும் சீமையில், எங்கள் வீட்டில் மட்டும் வெண்ணெய்க்குத் தடா. இளையவளுக்குப் பால் ஒவ்வாமை. 'பால் செரிக்காது' என்பது வேறு, இது வேறு. அங்கே பிரச்சினை லாக்டோஸ் என்ற சர்க்கரை. இங்கே கேசின், வே போன்ற பால் புரதங்களை உடம்பே எதிரியாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்பிவிடும். உருக்கிய நெய்யிலும் அந்தப் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் நெய்யும் கிடையாது.

சரி, மாற்று என்ன? "மார்ஜரின் வாங்குங்களேன் சார்" என்பார்கள். பி.காம். படித்தவனுக்கு எதிலும் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கும் வியாதி உண்டு. புரட்டினேன்.

1869. பிரான்ஸ். கப்பற்படைக்கும் ஏழைகளுக்கும் மலிவாக, சீக்கிரம் கெடாத கொழுப்பு வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவிக்கிறார். இப்போலித் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்குகிறார். செய்முறை என்ன தெரியுமா? மாட்டுக் கொழுப்பும் ஆடை எடுத்த பாலும்! உலகின் முதல் 'வெண்ணெய்க்கு மாற்று' சைவமும் இல்லை, பால் இல்லாததும் இல்லை :-)

1871-ல் ஹாலந்தின் யூர்கென்ஸ் குடும்பம் அந்த உரிமையை வாங்கித் தொழிலாக்கியது. உடனே பால் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். அமெரிக்கா 1886-ல் பவுண்டுக்கு 2 சென்ட் வரி போட்டது. வெண்ணெய் மாதிரி மஞ்சள் நிறம் ஏற்றினால் 10 சென்ட் என்று 1902-ல் மாற்றியது. இந்த வரிகள் போனது 1950-ல். கனடா 1886-ல் தடையே போட்டது. முதல் உலகப்போரை ஒட்டிய சில வருடங்கள் தவிர 1948 வரை அது நீடித்தது.

மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாற வழி காட்டியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன். நிக்கல் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தி, ஓடும் எண்ணெயை உறைய வைக்கும் முறைக்கு 1902-ல் காப்புரிமை பெற்றார். நம்ம ஊர் வனஸ்பதிக்கு அதுதான் வேர். ஹாலந்திலிருந்து இறக்குமதியான சரக்கு, பிறகு பம்பாய் சிவ்ரியில் லீவர் கம்பெனியின் தொழிற்சாலையிலேயே தயாரானது. 1937-ல் டால்டா வந்தது. இறக்குமதி செய்த டாடா என்ற டச்சு கம்பெனியின் பெயருக்கு நடுவே (நம்ம டாடா இல்லை!) லீவரின் 'ல்' நுழைந்ததால் டால்டா என்று சொல்வார்கள். அந்த மஞ்சள் டின் காலியானதும் அரிசி அளக்கவும் துளசி வைக்கவும் ஆனதை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி வருவது எங்கள் வங்கி ஆசாமிகளுக்குப் பிடித்த கட்டம். நெய்யில் வனஸ்பதி கலந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசு விதி செய்தது. கலப்பட நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் விட்டால், நல்லெண்ணெய் இருப்பதைக் காட்டிச் சிவந்துவிடும். ரூபாய் நோட்டுக்குள் ஓடும் பாதுகாப்பு இழை மாதிரி! நெய்யைக் காப்பாற்ற அருமையான யோசனை. ஆனால் எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த இழையே வினையாகும்.

கவனியுங்கள். மேஜ்-மூரியே பார்த்தது விலை. அமெரிக்கா பார்த்தது பண்ணைக்காரர். நம் சட்டம் பார்த்தது நெய். இந்த 150 வருடக் கணக்கில் ஒவ்வாமைக் குழந்தைக்கென்று ஒரு பத்தியே இல்லை. அதனால்தான் இன்றும் பல மார்ஜரின்களில் ருசிக்காகப் பால் பொடியோ வேயோ இருக்கிறது. பச்சைப் புள்ளியை நம்பவும் முடியாது. அது சைவம் என்று மட்டும்தான் சொல்லும், நம் கணக்கில் பால் சைவம். 2022-ல் வந்த வீகன் முத்திரை கொஞ்சம் உதவும். ஆனால் அதே இயந்திரத்தில் முன்பு பால் பொருள் ஓடியதா என்று அது சொல்லாது.

வனஸ்பதிக்கே போகலாமா? ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது பிறக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது. இந்தியாவில் அதற்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் உச்சவரம்பு. இருந்தாலும் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை.

தங்கமணி கண்ட வழி பழைய வழி. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் (எங்கள் பிள்ளைக்கு எள் ஒத்துக்கொள்ளும்). ரொட்டிக்குத் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே தானே உறையும் என்பதால் வடோதரா குளிர்காலத்தில் கத்தியால் தடவலாம். கேக்குக்கு ஒரு கணக்கு: வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், ஒரு கரண்டி தேங்காய்ப்பால்.

கடையில் வாங்குவதாக இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கம் மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட் என்ற நான்கையும் தேடுங்கள். போன மாதம் பார்த்தோமே என்று விடாதீர்கள், சேர்மானம் மாறும். எது கொடுக்கலாம், எது கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளை போகும் பள்ளிக்கும், பிறந்தநாளுக்கு அழைக்கும் பக்கத்து வீட்டுக்கும் எழுதியே கொடுத்துவிடுங்கள். "கொஞ்சூண்டு வெண்ணெய்தானே" என்று ஆசையாக ஊட்டும் கைக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது.