இலண்டன் தீயணைப்பு வீரர் வேலைநிறுத்தம், 2010

இலண்டன் தீயணைப்பு வீரர் வேலைநிறுத்தம், 2010 என்பது பணிமுறை நேர மாற்றத்தை எதிர்த்துத் தீயணைப்புப் படைகள் சங்கம் நடத்திய போராட்டம் ஆகும்.

அதுவரை வீரர்கள் 9 மணிநேரப் பகல் முறை இரண்டும், 15 மணிநேர இரவு முறை இரண்டும் பணியாற்றினர். பயிற்சிக்கும் தீத்தடுப்புப் பணிக்கும் பகலில் கூடுதல் நேரம் வேண்டும் எனக் கூறிய நிருவாகம், இரண்டையும் 12 மணிநேரமாக்க முனைந்தது. இரவுநேரப் படைபலத்தைக் குறைக்க இது முதற்படி எனச் சங்கம் ஐயுற்றது. எனினும், வீரர்கள் அனைவரையும் பணிநீக்கிப் புதிய ஒப்பந்தத்தில் மீண்டும் அமர்த்துவதற்கான சட்ட நடைமுறையை நிருவாகம் தொடங்கியதே பூசலை முற்றச் செய்தது எனலாம்.

அக்டோபர் 23, நவம்பர் 1 ஆகிய நாள்களில் எட்டு மணிநேர வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன. வாணவேடிக்கை நாளான நவம்பர் 5 அன்று தொடங்கவிருந்த 47 மணிநேர வேலைநிறுத்தம் முந்திய நாள் கைவிடப்பட்டது. பின்னர் ஏற்கப்பட்ட பகல் 10.5, இரவு 13.5 மணிநேரம் என்பது இரு தரப்புக் கோரிக்கைகளின் சரிநடுவே அமைந்ததாகும்.