கோல்கை உறுப்பு நிஜமாவே இருக்கா?

எட்டாவது படிக்கும் மகளுக்குப் போன மாதம் செல் பாடம். தாவர செல், விலங்கு செல் இரண்டையும் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். செல் சுவரும் பசுங்கணிகமும் தாவரத்துக்கு, சென்ட்ரியோல் விலங்குக்கு என்று கடகடவென முடித்துவிட்டாள். இரண்டுக்கும் பொதுவான கோல்கை உறுப்புக்கு மட்டும், அடுக்கி வைத்த தோசை மாதிரி நாலு கோடு போட்டுவிட்டு, "மைக்ராஸ்கோப்ல இத மிஸ் காட்டவே இல்லப்பா. நிஜமாவே இருக்கா?" என்றாள்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இரவு உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது, விவரமான ஆய்வாளர்களே ஐம்பது வருடத்துக்கும் மேல் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று.

முதலில் பெயர். நம் பாடநூலில் கோல்கை. ஆள் இத்தாலிக்காரர், அவர்கள் உச்சரிப்பில் கமில்லோ கோல்ஜி. 1870களில் மிலானுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் டாக்டராக இருந்தார். அங்கே ஒரு சமையலறையைத்தான் ஆய்வகமாக மாற்றிக்கொண்டாராம். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் போட்டால், ஒருசில நரம்பு செல்கள் மட்டும் கிளை கிளையாக முழுசாகக் கறுத்துத் தெரியும் என்று 1873இல் எழுதினார். 'கறுப்பு வினை' என்று பெயர். மற்ற செல்கள் ஏன் கறுப்பதில்லை என்பது இன்றைக்கும் முழுசாகப் புரியாத விஷயம். இந்த முறைக்காகத்தான் 1906இல் நோபல் பரிசு, ரமோன் இ கஹாலோடு சேர்த்து.

அந்த முறையையே கொஞ்சம் மாற்றி, 1898இல் பாவியா நகரில் கூகையின் சிறுமூளை செல்களைப் பார்த்தபோது, உட்கருவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வலை. 'உள் வலை உறுப்பு' என்று அறிவித்தார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒரு நாள் வலை தெரியும், மறுநாள் அதே முறையில் செய்தால் தெரியாது. வெள்ளிக்குப் பதில் ஆஸ்மியம் சேர்மம் போட்டால் வடிவம் மாறும். தாவர செல்லில் வலையே கிடையாது, அங்கங்கே சிதறிய துண்டுகள்தான். உயிரோடு இருக்கும் செல்லிலோ பெரும்பாலும் ஒன்றும் கண்ணுக்குப் படாது. அப்படியானால் இது செல்லில் இருக்கிற உறுப்பா, இல்லை வெள்ளி போட்ட கோலமா?

என் பிழைப்பு சாஃப்ட்வேர். நிரலில் பிழையைத் தேட ஒரு லாக் வரி சேர்ப்போம். அந்த வரியாலேயே நிரலின் நேரக்கணக்கு மாறி, இல்லாத பிழை ஒன்று முளைக்கும், இருந்தது மறைந்துவிடும். இப்படி ஒன்றை ரெண்டு வாரம் துரத்தி ஏமாந்திருக்கிறேன். அதனால் சந்தேகப்பட்டவர்களை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது. கோல்கையின் ஒவ்வொரு தட்டும் அதைவிட மெல்லிசு. எவ்வளவு சண்டை போட்டாலும் அந்தக் கருவியை வைத்துத் தீர்ப்பு சொல்லவே முடியாது.

1949இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடே, ஆல்பர்ட் கிளாட் இருவரும் கட்டுரை எழுதினார்கள். செல்லைப் பதப்படுத்தும்போது அதிலுள்ள கொழுப்புத் துளிகள் சுருள் சுருளாக உருமாறுகின்றன, கோல்கை என்று நாம் பார்ப்பது அதைத்தான் என்றார்கள். அதாவது, இல்லாத உறுப்பு. இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கிய முன்னோடிகளில் கிளாட் ஒருவர்.

ஐந்தே வருடம். 1954இல் டால்டன், ஃபீலிக்ஸ் என்ற இருவர் மிக மெல்லிய சீவல்களை அதே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தட்டையான சவ்வுப் பைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. ஓரத்தில் குமிழ்கள். மகள் வரைந்த அதே தோசை அடுக்கு! தாவர செல்லிலும் அதே அடுக்குதான், சின்னச் சின்னதாக நிறைய இடத்தில் சிதறி. வடிவம் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கும் அதிலேயே விடை.

இருக்கிறது சரி, என்ன வேலை செய்கிறது? இதைக் காட்டியதில் முக்கியமானவர் யார் தெரியுமா? அதே பலாடே. 1960களில் ஜேமிசனோடு சேர்ந்து, கினி எலியின் கணையச் செல்களுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைச் சில நிமிடம் மட்டும் கொடுத்து, அது போகும் வழியைப் பின்தொடர்ந்தார். முதலில் எண்டோபிளாச வலை, அடுத்து கோல்கை, கடைசியில் வெளியேறக் காத்திருக்கும் துகள்கள். கூரியர் பார்சலை டிராக் பண்ணுகிற மாதிரி. புரதங்களைத் திருத்தி, பிரித்து, எங்கே போகணுமோ அங்கே அனுப்பும் இடம் கோல்கை. தாவரத்தில் செல் சுவருக்கு வேண்டிய பெக்டின் தயாராவதும் இங்கேதான்.

1974இல் பலாடே, கிளாட் இருவருக்கும், லைசோசோமைக் கண்டுபிடித்த டி டூவேயோடு சேர்த்து நோபல் பரிசு.

மறுநாள் மகளிடம் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ 1949ல தப்பா எழுதுனதுக்கு மார்க் குறைக்கலையா?" என்றாள்.