மூக்கு தொலைஞ்ச அரண்மனை நாய்

தங்கமணிக்குப் பக் நாய் வேணுமாம்.

கோரிக்கை புதுசில்லை மக்களே. 2003ல எங்களுக்குக் கல்யாணமான புதுசு. டிவியில ஹட்ச் விளம்பரம் ஓடும். ஒரு சின்னப் பையன் எங்க போனாலும் பின்னாடியே ஒரு சுருக்க மூஞ்சி நாய்க்குட்டி போகும். (கொசுவத்தி சுத்தியாச்சு!) அப்போ கேட்டாங்க, "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நாயா?"ன்னு அடுத்த வருஷமும் அதுக்கடுத்த வருஷமும் தள்ளிவிட்டேன். இப்போ பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயாச்சு. ராத்திரி எட்டு மணிக்கே வீடு அடங்கிடுது. "இப்ப என்ன சாக்கு சொல்லப் போறீங்க?"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். சாக்கு தேடத்தான் சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பிச்சேன். மாட்டினது வேற.

பக்கோட பூர்வீகம் சீனா. அரசகுடும்பமும் பிரபுக்களும் மடியில வச்சுக் கொஞ்சின ஜாதி. வேட்டைக்கும் காவலுக்கும் அது வேலை செஞ்சதில்லை. மடியில உக்காருறதுதான் அதோட உத்தியோகம். அதைக் கவனிச்சுக்கத் தனி ஆளுங்க இருந்தாங்க. இந்த 'தனி ஆளுங்க' விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வேணும்.

சீனாவுல இருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனின்னு பல இடத்துல எழுதியிருக்கு. ஆனா 1572ல, ஸ்பெயின் படை ராத்திரி கூடாரத்துக்குள்ள புகுந்தப்போ, டச்சுத் தலைவர் வில்லியமை எழுப்பிக் காப்பாத்தினது பாம்பேன்னு ஒரு பக்தான்னும் அதே இடங்கள்ல சொல்றாங்க. கம்பெனி ஆரம்பிச்சதே 1602ல! ரெண்டுல ஒண்ணு இடிக்குது. டெல்ஃப்ட் நகரத்துல வில்லியம் கல்லறைச் சிற்பத்துல காலடியில ஒரு நாய் படுத்திருக்கு. அது பக்தானா, வேற ஜாதியான்னு இன்னிக்கும் சண்டை நடக்குது. அந்தப் பஞ்சாயத்துக்கு நாம போக வேணாம். அந்த வம்சத்துல வந்த இன்னொரு வில்லியம் 1689ல இங்கிலாந்து ராஜாவானார். அவரோட பக்கும் அங்கே ஃபேஷனாச்சுங்கிறது மட்டும் போதும்.

என்னை உக்கார வச்சது ஒரு ஓவியம். ஹோகார்த்னு இங்கிலாந்து ஓவியர், 1745ல தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைஞ்சார். நாய் பேரு ட்ரம்ப். (அரசியல் பேசலை சாமி, நிஜமாவே அதான் பேரு.) லண்டன் டேட் கேலரியில இருக்கு. நெட்ல தேடிப் பாருங்க. அந்த நாய்க்கு மூக்கு இருக்கு! முகம் முன்னாடி நீண்டு, காலும் நல்லா உயரமா இருக்கு. இன்னிக்கு இருக்கிற பக்கைப் பக்கத்துல வச்சா சொந்தக்காரங்கன்னே நம்ப மாட்டோம்.

அப்போ மூக்கு எங்க போச்சு? பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல இங்கிலாந்துல நாய்க் கண்காட்சி வந்துது. 1873ல கென்னல் கிளப், 1883ல பக்குக்குன்னே தனிக் கிளப். வட்டத் தலை, சப்பை மூஞ்சி, ஆழமான மடிப்புன்னு லட்சணம் எழுதி வச்சு மார்க் போட்டாங்க. சப்பையா இருக்கிறதுக்குப் பரிசு, பரிசு வாங்கினதுக்கு நிறைய குட்டி, அதுல இன்னும் சப்பையானதுக்கு அடுத்த பரிசு. இப்படியே தலைமுறை தலைமுறையா வெளிய எலும்பு குறைஞ்சுது. உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குக் குறையலை. அதுதான் தொண்டையை அடைக்குது. நாம "அய்யோ, குறட்டை விடுது பாரு"ன்னு சிரிக்கிறோம், அது மூச்சுக்குத் திணறுது.

நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். அந்த வழியே குறுகினா? எங்க பழைய அபார்ட்மெண்ட்ல கீழ்வீட்டுக்காரங்க ஒரு பக் வச்சிருந்தாங்க. ஒரு மே மாசம், கரண்ட் போன மத்தியானம், ஈரத்துண்டைப் போட்டு விசிறிக்கிட்டே இருந்தும் சாயங்காலம் தாங்கலை. அந்த வீட்டுப் பையன் ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை.

நெதர்லாந்து, பக்கைத் தலையில தூக்கிவச்ச அதே நாடு, 2019ல இருந்து மூக்கு ரொம்பக் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் பண்ணத் தடையை அமல்படுத்துது. தமிழ்நாடு அரசோட 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கையில, இங்கே பெருக்கக் கூடாதுன்னு சொன்ன 11 வெளிநாட்டு ஜாதியில பக்கும் ஒண்ணு.

எல்லாத்தையும் வச்சு ஒரு ராத்திரி பேப்பர்ல கணக்குப் போட்டேன். குட்டி விலை ஒரு தடவைதான், அதை விடுங்க. கோடை முழுக்கப் பகல்ல ஏசி. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா கரண்ட் போனது தெரிய வீட்ல ஆள் வேணும். மூஞ்சி மடிப்பைத் தினமும் துடைக்கணும், இல்லேன்னா புண்ணு வரும். பிதுங்கின கண்ணுல எது பட்டாலும் டாக்டர். மூச்சுக்குழாய் ஆபரேஷன்னா தனி பட்ஜெட். ஊருக்கு ரயில்ல கூட்டிட்டுப் போகணும்னா ஃபர்ஸ்ட் ஏசியில கூபேயை மொத்தமா எடுக்கணும், இல்லேன்னா கார்டு பெட்டியில கூண்டு. பன்னெண்டு வருஷத்துக்கு இது. அரண்மனையில இந்தக் கணக்கைத் தனி ஆளுங்க சுமந்தாங்க. இங்க நானும் தங்கமணியும்தான்.

பேப்பரைக் காட்டினேன், படிக்கலை. ஹோகார்த் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இந்த மூக்கோட இருந்தா வாங்கியிருக்கலாம், இல்ல?"ன்னாங்க.

வீடு அமைதியா இருக்குங்கிற பிரச்சினை அப்படியேதான் இருக்கு. ப்ளூ கிராஸ்ல தத்து கொடுக்கிற நாட்டு நாய்களைப் பார்க்க ஞாயித்துக்கிழமை போறோம். பேரு மட்டும் இப்பவே முடிவாயிடுச்சு. ட்ரம்ப் இல்லை.