படத்தில் வரும் வேலூரும் வாராத வேலூரும்



சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, என் பேரன் ஒருநாள் மாலை கைப்பேசியில் வேலூர்க் கோட்டையைப் பற்றிய படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தாத்தா, அகழியில் 10,000 முதலைகள் இருந்தனவாம்!” என்று வியந்தான். “அத்தனைக்கும் நாள்தோறும் இரை போட்டவர் யாரடா?” என்று வினவினேன். அவன் படத்தை நிறுத்திவிட்டு விழித்தான். அந்தக் கேள்வியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

முப்பதாண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். இப்படங்களை இகழ்பவன் அல்லேன். எங்கள் இளமையில் ஊர் வரலாறு என்பது பாடநூலில் நான்கு வரிகளே. இன்றோ, 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்த அக்கோட்டையை வானிலிருந்து காணலாம்; சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளியின் பற்களைத் திரையிலேயே எண்ணலாம். ஆயினும் கண்ணுக்குத் தெரிவது கல்; காதில் விழுவது ஒருவருடைய கருத்து. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

1806-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் விடியுமுன் அக்கோட்டையில் மூண்ட எழுச்சியை எடுத்துக்கொள்வோம். முந்திய ஆண்டு வெளியான ஆணையொன்று சிப்பாய்களின் சமயக் குறிகளையும் தாடியையும் தடுத்து, புதுவகைத் தலைப்பாகையைச் சுமத்தியது. அதில் தோலாலான குஞ்சம் ஒன்று இருந்தது. அது எந்த விலங்கின் தோல் என்ற ஐயமே இந்துக்களையும் முசுலிம்களையும் ஒருசேரக் கொதிக்கச் செய்தது. தொட்டுப் பார்த்தே இது மாட்டுத் தோல், இது ஆட்டுத் தோல் என்று சொல்லக்கூடியவர் வாழும் ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மைந்தர்பால் சிப்பாய்கள் கொண்ட பற்றும் உடன்சேர்ந்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் குதிரையில் விரைந்துவந்த கில்லெஸ்பி, அன்றே கோட்டையை மீட்டார். சரணடைந்த சிப்பாய்களில் ஏறக்குறைய நூற்றுவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொன்றனர்.

படங்கள் இதை எங்ஙனம் கூறுகின்றன? ஒன்று கில்லெஸ்பியின் குதிரையோடு ஓடுகிறது. ஹென்றி நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞரும் அவர்மீது பாட்டு எழுதியவரே. மற்றொன்று, 1857-க்கு முந்திய முதல் விடுதலைப் போர் எனப் பறையறைகிறது. மடிந்த சிப்பாய்கள் 350 பேர் என்பார் ஒருவர். 800 என்பார் இன்னொருவர். இரண்டு எண்களும் நூல்களிலேயே உள்ளவைதாம். எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத படத்தை நான் பாதியே நம்புவேன். அன்று கொல்லப்பட்ட தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளுடன் ஒளிந்து பிழைத்தவர், அவ்விரவைப் பற்றி எழுதிவைத்தார். சுவரோரம் நின்றவர்களுக்கு எழுதிவைக்க வாய்ப்பேது?

நிற்க. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கர் 1816 முதல் வேலூரில் சிறையிருந்து 1832-இல் மறைந்ததையும், பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருப்பதையும் சில படங்கள் தொட்டுச் செல்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால் நான் கண்ட படங்கள் எவையும் எங்கள் சத்துவாச்சாரிப் பக்கம் திரும்பவில்லை. இத்தனைக்கும் கோட்டைக் கோயில் நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்தபோது, சலகண்டேசுவரர் லிங்கம் இருந்தது எங்கள் ஊரில்தான்! 1981 மார்ச்சு மாதத்தில்தான் அது இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கோட்டைக்குள் மீண்டும் நிறுவப்பட்டது. அப்போது நான் வெளியூரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். காணும் பேறு எனக்கில்லை.

எங்கள் தெரு மூதாட்டியார் ஒருவர் கண்டிருந்தார். பெரியம்மா என்றே அழைப்பேன். லிங்கம் போன பின்னும் சில நாள், பழக்கத்தால் அந்த வெற்றிடத்தை நோக்கியே கைகூப்பியதாக ஒருமுறை சொன்னார். சென்ற ஆண்டு, அவர் சொல்வதைப் பதிவு செய்யப் பேரனை அழைத்துச் சென்றேன். “இந்தப் பழஞ்சேலையோடா படம் பிடிப்பது? இன்னொரு நாள் வா, தம்பி” என்று சிரித்தார். தை பிறக்கட்டும் என்று நானும் தள்ளிவைத்தேன். மார்கழியிலேயே அவர் காலமாகிவிட்டார். நூற்றுக்கணக்கான மாணவர்களிடம் ‘இன்றே செய்’ என்று சொன்ன வாத்தியார் செய்த பிழை இது.

லிங்கம் எவ்வழியே சென்றது, அன்று தெருவில் யார் நின்றார், யார் அழுதார் என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் எங்கள் பகுதியில் இன்னும் சிலர் உளர். அவர்களில் ஒருவர், வருகிற ஞாயிறு காலை வரலாம் என்று சொல்லியிருக்கிறார். கைப்பேசியைப் பேரன் பிடித்துக்கொள்வான். கேள்விகளை ஒரு தாளில் நான் எழுதி வைத்துவிட்டேன்.