ஈமானைச் சொல்வதும் மறைப்பதும்: மார்க்கமும் சட்டமும் நம் குடும்பங்களும்



பள்ளிவாசலில் பணி செய்யும் ஆலிம்களிடம், கூட்டம் கலைந்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர் கேட்பது: "ஹஜ்ரத், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் முனாஃபிக்கா?" மற்றொன்று பெற்றோர் கேட்பது: "காலேஜ் போன பையன் தொழுகையை விட்டுவிட்டான். அல்லாஹ்வே இல்லை என்கிறான். என்ன செய்வது?"

மனதில் உள்ள நம்பிக்கையை எப்போது சொல்லலாம், எப்போது மறைக்கலாம், பிறர் அதில் எவ்வளவு தலையிடலாம் என்பதே இரண்டு கேள்விகளிலும் உள்ள விஷயம். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

மீனாட்சிபுரம் கற்றுத் தந்தது

நம்பிக்கையை வெளிப்படையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்காசிக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சிற்றூர் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கு வாழ்ந்த பல நூறு தலித் மக்கள் ஒரே நாளில் கலிமா சொல்லி இஸ்லாத்தை ஏற்றார்கள். அந்த ஊர் ரஹ்மத் நகர் என்றும் அழைக்கப்படுகிறது.

தீண்டாமையும் காவல்துறைக் கெடுபிடியும் தங்களைத் தள்ளின என்று அவர்கள் சொன்னார்கள். செய்தி நாடு முழுவதும் பரவியது. அமைச்சர்களும் வாஜ்பாய் போன்ற தலைவர்களும் அந்தச் சிற்றூருக்கு வந்தார்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததா, கட்டாயம் நடந்ததா என்று விசாரணைகள் நடந்தன. உழைத்து உண்ணும் எளிய மக்கள், தங்கள் உள்ளத்தில் இருப்பது உண்மைதான் என்று அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊரார் அத்தனையையும் ஊராகச் சேர்ந்து தாங்கினார்கள். தனியொரு ஆளாக, வாடகை வீட்டில், வேறு மதப் பெற்றோருடன் வாழும் ஒரு பெண்ணால் அப்படித் தாங்க முடியுமா? அவள் மறைத்தால் அது குற்றமா?

மார்க்கத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு

மக்காவில் முதல் மூன்று ஆண்டுகள் அழைப்புப் பணி மறைவாகவே நடந்தது. அர்கம் (ரலி) அவர்களின் வீடு அதற்கு இடம் கொடுத்தது. பிறகு பகிரங்கமானபோது பிலால் (ரலி) சுடுமணலிலும் தவ்ஹீதை உரக்கச் சொன்னார்கள். சுமய்யா (ரலி) உயிரையே கொடுத்தார்கள். அவர்களுடைய மகன் அம்மார் (ரலி) சித்திரவதை தாங்காமல் எதிரிகள் கேட்டதை நாவால் சொல்லிவிட்டு அழுதபடி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்கும்போது நிர்ப்பந்தத்தில் நாவால் சொன்னவர் மீது குற்றமில்லை என்ற கருத்தில் இறைவசனம் இறங்கியது (அல்குர்ஆன் 16:106).

தாயின் வழியை உலமாக்கள் அஸீமத் என்றார்கள், மகனின் வழியை ருக்ஸத் என்றார்கள். முன்னது உயர்ந்தது, பின்னது அனுமதிக்கப்பட்டது. இரண்டும் ஒரே வீட்டில் நிகழ்ந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

ஃபிர்அவ்னின் குடும்பத்தில் ஈமானை மறைத்து வாழ்ந்த ஒருவரைக் குர்ஆன் 'முஃமின்' என்றே அழைக்கிறது (40:28). மூஸா (அலை) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட சபையில் துணிந்து பேசியவர் அவர்தான்.

முனாஃபிக் என்பவர் வேறு. உள்ளத்தில் மறுப்பை வைத்துக்கொண்டு, ஆதாயத்துக்காக வெளியே ஈமானைக் காட்டுபவர் அவர். அச்சத்தால் ஈமானை மறைப்பவரை அந்தப் பெயரால் அழைப்பது அநீதி.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. நம்புவதும் நம்பாமல் இருப்பதும் அதில் அடங்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019-ல் சாதியும் மதமும் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே பெற்றார்.

ஆனால் ஒரு தலித் சகோதரர் இஸ்லாத்தை ஏற்றதாகப் பதிவு செய்தால், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் அந்த ஆணை திருத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் திருத்தப்படவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியல் சாதித் தகுதியோடு சேர்ந்தது. பலர் மௌனமாக இருப்பதற்கு ஈமான் குறைவு காரணமல்ல, இந்த இழப்புதான் காரணம். பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட வகுப்புகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதத் தமிழக அரசு 2024 மார்ச்சில் உத்தரவிட்டது ஓரளவு ஆறுதல்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாயைத் திறக்காமல் இருப்பது வேறு, பொய்ச் சான்று வாங்குவது வேறு. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இந்துப் பட்டியல் சாதிச் சான்று கோரிய புதுச்சேரிப் பெண்ணின் மனுவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மார்க்கத்திலும் பொய்ச் சாட்சி பெரும்பாவம்.

சொத்துரிமை பற்றியும் அச்சம் இருக்கிறது. மதம் மாறினார் என்பதற்காக ஒருவருடைய வாரிசுரிமை பறிபோகாது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர்களின் சொத்தில் அந்த உரிமை கிடையாது. எனவே வழக்கறிஞரைக் கலந்து முடிவெடுப்பது நல்லது.

அல்லாஹ்விடம் முஸ்லிமாவதற்கு அரசிதழ் தேவையில்லை, கலிமா போதும். ஆனாலும் நம்பகமான இருவரைச் சாட்சியாக்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஜனாஸா விஷயத்தில் குழப்பம் வராமல் இருக்க அது உதவும்.

மறைக்கக் கூடாத இடம்

பிறருடைய உரிமை கலந்த இடத்தில் மறைப்பது துரோகமாகிவிடும். அதில் முதன்மையானது நிகாஹ். உள்ளத்தில் ஈமான் இல்லாத ஒருவர் அதை மறைத்து ஒரு முஸ்லிம் பெண்ணை மணப்பது அவளை ஏமாற்றுவதாகும். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடுவான்" என்று தெரிந்தே மூடி மறைக்கும் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு.

சந்தேகம் கொண்ட பிள்ளை

வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருவதாகச் சில தோழர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று அவர்கள் ஆறுதல் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று இப்ராஹீம் (அலை) அவர்களே உள்ளம் அமைதி பெறக் கேட்டார்கள் (2:260).

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் வரலாற்றைச் சொல்லும் 'அல்முன்கித்' நூலில், சுமார் இரண்டு மாதங்கள் எதையும் உறுதியாக நம்ப முடியாத நிலையில் இருந்ததாகவும், அதை நாவால் வெளியிடவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உம்மத் போற்றும் ஒருவருக்கே அந்த இரண்டு மாதம் தேவைப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இரவு கூடக் கொடுக்க மாட்டோமா?

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளையின் போனைத் துருவாதீர்கள். துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுக்கிறது (49:12). ஜமாஅத்தைக் கூட்டி அவனை நிறுத்தாதீர்கள். மதீனாவின் நயவஞ்சகர்களின் பெயர்களை நபி (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) ஒருவரிடம் மட்டுமே இரகசியமாகச் சொன்னார்கள், ஊரறிய வாசிக்கவில்லை. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தெரிந்தவரிடம் சேர்ந்து போங்கள். சாப்பாட்டையும் ஸலாமையும் நிறுத்தாதீர்கள்.

கோவையில் நடந்தது

2017 மார்ச் 16 இரவு கோவையில் ஃபாரூக் என்பவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கடவுள் மறுப்பாளராகி, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இயங்கியவர். தம் மறுப்பை வெளிப்படையாகச் சொன்னவர். கைதானவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். அதைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையல்ல.

இது அநியாயக் கொலை. மதம் மாறுவோர் பற்றி முற்கால ஃபிக்ஹு நூல்களில் பேசப்படும் சட்டத்தை இதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. அந்த அறிஞர்கள் அதை ஆட்சியும் நீதிமன்றமும் சார்ந்ததாகவே பேசினார்கள். தெருவில் நிற்கும் தனி மனிதனின் கையில் கத்தி கொடுக்கவில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்பது குர்ஆனின் அடிப்படை (2:256). போர்க்களத்தில் கலிமா சொன்னவரை, அச்சத்தில் சொன்னார் என்று கருதி உஸாமா (ரலி) கொன்றபோது, அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடிந்தார்கள். உள்ளத்தைப் பிளந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

நாத்திக மேடைகளில் முழங்கிய பேராசிரியர் பெரியார்தாசன் 2010-ல் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் ஆனபோது நாம் மகிழ்ந்தோம், மேடை போட்டுப் பேச வைத்தோம். அவருடைய பழைய தோழர்களுக்கு அது வருத்தமாக இருந்திருக்கும், ஆனாலும் அவர் பாதுகாப்பாக ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பாதுகாப்பை எதிர்த் திசையில் போனவருக்கு நாம் மறுத்தால், நாம் கேட்கும் சுதந்திரத்துக்கு என்ன பொருள்?

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஒரே அருவியின் கீழ் எல்லோரும் நெருக்கி நின்று குளிக்கிறோம். பக்கத்தில் நிற்பவர் என்ன நம்புகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே இடம் விட்டு நிற்கிறோம். வீட்டுக்குள்ளும் அந்த அளவு இடம் கொடுத்தால், மறைப்பவர் ஒருநாள் தாமாகச் சொல்வார், விலகியவர் ஒருநாள் தாமாகத் திரும்பக் கூடும். உள்ளங்களைப் புரட்டுபவன் அல்லாஹ் ஒருவனே.

நம் உள்ளங்களையும் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் ஈமானில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.