கல்லூரிக் கனவு (வழிகாட்டுதல் நிகழ்ச்சி)

கல்லூரிக் கனவு என்பது தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர்களுக்கு, உயர்கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றி விளக்குவதற்காக நடத்தப்பட்ட வழிகாட்டுதல் நிகழ்ச்சி ஆகும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் ஒரு பகுதியாக இது அமைந்தது.

தொடக்கம்

2022 ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் சூன் 20 அன்று வெளியாயின. ஐந்து நாட்களுக்குப் பின், சூன் 25 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இந்நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தார். தொடர்ந்து திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களிலும் இது நடத்தப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் தேர்வு முடிவுகள் மே மாதத்திலேயே வெளியானதால், இது கோடை விடுமுறை நிகழ்ச்சியாயிற்று.

தேவை

தேர்வு முடிவுக்கும் சேர்க்கைக்கும் இடைப்பட்ட காலம் சில வாரங்களே. பொறியியல், கலை அறிவியல், தொழிற்பயிற்சி நிலையம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பமும் இறுதி நாளும் வேறு வேறானவை. குடும்பத்தில் எவரும் கல்லூரி சென்றிராத மாணவருக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. கல்லூரியில் இடம் கிடைத்தும் கோடையிலேயே மாணவர்கள் விலகிவிடுவது அமெரிக்காவிலும் ஆராயப்பட்ட சிக்கலாகும்.

உள்ளடக்கம்

துறை வல்லுநர்களின் உரை, பாடப்பிரிவுகள் பற்றிய விளக்கம், கல்விக்கடன், உதவித்தொகை பற்றிய தகவல்கள் ஆகியன இதில் இடம்பெற்றன. வழிகாட்டி நூலும் வழங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இதை அறியாத மாணவர் விண்ணப்பிக்காமலே வாய்ப்பை இழக்க நேரிடும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில்

அண்ணாமலையார் கோயிலால் அறியப்படும் இம்மாவட்டம் பெரிதும் வேளாண்மையைச் சார்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இதன் எழுத்தறிவு ஏறத்தாழ 74 விழுக்காடு; மாநில அளவு 80 விழுக்காடு. 2013இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி, ஆரணி பொறியியல் கல்லூரி, செய்யாறு அரசு கலைக் கல்லூரி ஆகியவை மாவட்டத்திலேயே உள்ளன.

எனினும் சவ்வாது மலையின் பழங்குடி மாணவர்களுக்குத் தூரம் மட்டுமே தடையன்று. பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குவார். அவரது அலுவலகம் சமவெளியில் உள்ளது. சான்றிதழ் தாமதமானால் ஒதுக்கீட்டு இடத்தைப் பெறுவது கடினமாகும். ஆகவே, எந்தப் படிப்பு என்பதுடன் எந்தச் சான்றிதழ், எங்கே, எப்போது என்பதும் வழிகாட்டுதலில் இன்றியமையாததாகும்.

வரம்புகள்

இவ்வகை நிகழ்ச்சியில் தொழில்கள் பற்றிக் கேட்டறியலாம். பணியிடத்தில் தங்கிக் கற்க இயலாது. இசுரோ 2019இல் தொடங்கிய யுவிகா, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கோடையில் ஏறத்தாழ இரு வாரங்கள் விண்வெளி மையங்களில் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது; ஆனால் அதில் இடங்கள் மிகக் குறைவு. பள்ளி முடித்தும் உயர்கல்வியில் சேராதோருக்காக 2023இல் "உயர்வுக்குப் படி" என்னும் முகாம்கள் தனியே நடத்தப்பட்டன.