உடுவிலில் பெயர் மாறியவர்கள்

விடுதிப் பள்ளி தன் புதிய மாணவியை எப்படி உள்ளே சேர்த்துக்கொள்கிறது என்பதிலேயே அந்தப் பள்ளியின் அரசியல் தெரிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து உடுவிலில் அந்தச் சேர்க்கை ஒரு புதிய பெயரோடு நடந்தது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்சுலோ 1824இல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகளிடமிருந்து பள்ளி பிறந்தது என்றொரு கதை வழங்குகிறது. பெண் எழுத்துப் படிப்பது வழக்கமில்லாத காலம் அது. மிஷன் வீட்டுச் சோற்றை உண்டால் சாதி கெடும் என்ற அச்சம் வேறு. ஆகவே மகளை அங்கே விடுவது எந்தத் தாய்க்கும் எளிதாக இருந்திருக்காது.

சேர்ந்தவளுக்கு உணவும் உடையும் படிப்பும் கிடைத்தன. படிப்பு முடித்துக் கிறிஸ்தவரை மணந்தால் மிஷனே சீதனமும் கொடுத்தது. செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் தம் பெயரையோ தாம் மதித்த ஒருவரின் பெயரையோ குழந்தைக்குச் சூட்டச் சொல்லலாம். ஞானஸ்நானம் பெறும்வரை இதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நேற்றுவரை வள்ளியாக இருந்தவள், தான் பார்த்திராத ஒருத்தியின் பெயருக்கு 'ஆம்' என்று குரல் கொடுக்கப் பழகினாள்.

வட்டுக்கோட்டை செமினரியின் பையன்களுக்கும் இதே வழக்கம்தான். ஆனால் ஆர்னல்ட் என்ற பெயர் சதாசிவம்பிள்ளையை மறைத்துவிடவில்லை. கறல் விசுவநாதபிள்ளையை இரண்டு பெயரும் சேர்த்தே அறிகிறோம். அவர்கள் எழுதினார்கள், அச்சேறினார்கள். அச்சு அவர்களின் தமிழ்ப் பெயரைக் காப்பாற்றியது. உடுவில் மாணவிக்கு அந்த வாய்ப்பு அரிது. நன்கொடையாளர் கொடுத்த பெயரின் பக்கத்தில் கணவன் பெயர் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஹாரியட் 1833இல் இறந்தார். அவர் கணவர் மைரன் வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. தமிழ் படித்த நான் இன்றும் அதைப் புரட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்று உறுத்துகிறது: தமிழின் சொற்களை இவ்வளவு கருத்தாகச் சேர்த்துவைத்த அதே மிஷனுக்கு, அந்தச் சிறுமிகளின் தமிழ்ப் பெயர்கள் மாற்றிவிடக்கூடியவையாக இருந்தன.

1842 முதல் 1879 வரை தலைமை ஏற்ற எலிசா ஆக்னியூவை 'ஆயிரம் மகள்களின் தாய்' என்பார்கள். அந்த மகள்கள் ஆசிரியைகளானார்கள். தம் பெண்களையும் படிக்கவைத்தார்கள். அவர்கள் பெற்ற எழுத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அந்த எழுத்துக்கு ஈடாக ஒரு பெயரை ஏன் தர வேண்டியிருந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் பழைய ஆங்கிலப் பெயரோடு ஒரு பூட்டி இருந்திருந்தால் வீட்டில் விசாரியுங்கள். பள்ளிக்குப் போகுமுன் அவளை அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள்?